மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த ஓர் அக்காவுக்குத் துணையாக, குடும்பப் பிரச்சினைகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். மாடிப்படி ஏறியதும் முதல் மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். "உட்காருங்கம்மா, என்ன விஷயம்?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அக்கா அழத் தொடங்கிவிட்டார். பதினான்கு வருஷக் கதை. அடி, அடகு போன நகை, மாமியாரின் பேச்சு, மகனின் பள்ளிக் கட்டணம், போன வாரம் கணவர் கழுத்தை நெரித்தது என்று ஒன்றையும் விடவில்லை. முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா, கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "கவுன்சிலர் மேடம் சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. நான் இங்க அக்கவுண்ட்ஸ்தான் பார்க்கறேன்" என்றார்.

மேடம் வந்தபோது அக்காவிடம் அழுகையும் தீர்ந்திருந்தது, சொல்லும் தீர்ந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் அக்கா முடித்துக்கொண்டார். கழுத்தை நெரித்த விஷயம் கணக்கரின் காதோடு நின்றுபோனது. ஆலோசகரின் தாளில் அது ஏறவேயில்லை. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு, முடிவு செய்யத் தேவையான ஒரே தகவல் போய்ச் சேரவில்லை.

அந்தக் கணக்கர் மீது தப்பு சொல்ல முடியாது. இன்னார் இன்னார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட அலுவலகத்தில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வேலை வேறு, அதிகாரம் வேறு, தாண்டக்கூடாத கோடும் வேறு. நமக்கோ எல்லாரும் 'மேடம்', எல்லாரும் 'சார்'.

பெரும்பாலும் முதலில் அறிமுகமாகிறவர் களப்பணியாளர். மகளிர் குழுக் கூட்டத்திலோ அங்கன்வாடி வாசலிலோ "எங்க ஆபீஸுக்கு ஒரு தடவை வாங்கக்கா" என்று கூப்பிட்டவர் அவராகத்தான் இருப்பார். அந்த வட்டாரத்துக்காரர், வீடு வீடாகத் தெரிந்தவர். அவருடைய பலமும் அதுதான், நாம் கவனமாக இருக்க வேண்டிய காரணமும் அதுதான். உங்கள் தெரு அவருக்கும் தெரு. "வீட்டில் பிரச்சினை, உங்கள் ஆபீஸில் யாரைப் பார்க்கணும்?" என்ற அளவோடு அவரிடம் நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தவர் சமூகப் பணியாளர். கேஸ் ஒர்க்கர் என்பார்கள். உங்கள் பெயரில் கோப்பு திறப்பவர், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட வருபவர். பலர் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களும் கூட உட்கார்ந்திருப்பார்கள். மாணவர் முன்னிலையில் பேச விருப்பமில்லை என்றால் அவரை வெளியே இருக்கச் சொல்லலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிறகு ஆலோசகர். நம் ஊரில் வார்டு உறுப்பினரும் கவுன்சிலர், மனக்கவலை கேட்பவரும் கவுன்சிலர். இரண்டாமவரிடமும் முதலாமவரிடம் எதிர்பார்ப்பதையே, அதாவது தீர்ப்பை, எதிர்பார்த்துப் போகிறவர்கள் நிறைய. வழக்கறிஞராக வேண்டுமென்றால் பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். கவுன்சிலர் என்ற பெயர்ப்பலகைக்கு அவ்வளவு இறுக்கமான வேலி இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் மட்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்கலாம். மற்றவர்களிடம், "என்ன படிச்சிருக்கீங்க மேடம், எத்தனை வருஷமா இதைப் பார்க்கறீங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆலோசகரிடம் நிகழும் பெரிய விபத்துக்கு நம் மொழியில் அழகான பெயர் உண்டு: சேர்த்து வைப்பது. பெண் முறையிட வருகிறார், மறுநாளே கணவருக்குப் போன் போகிறது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சுற்றி உட்காருகிறார்கள். "பிள்ளை முகத்துக்காகப் பொறுத்துப் போம்மா" என்கிறார்கள். இனி ஒழுங்காக இருப்பதாக அவரிடம் ஒரு கையெழுத்து, இனிப் புகார் கொடுக்க மாட்டேன் என்று இவரிடம் ஒரு கையெழுத்து. இது ஆலோசனை அல்ல, மின்விசிறிக்குக் கீழே நடக்கும் பஞ்சாயத்து.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் ஆலோசனைக்கு அனுப்பினால் அது எப்படி நடக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. இரு தரப்பில் யாருக்கும் உறவினரோ, வழக்கில் சம்பந்தப்பட்டவரோ ஆலோசகராக இருக்கக் கூடாது. ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் தந்தால் மட்டுமே விலக்கு. ஆலோசகர் கூடுமானவரை பெண்ணாக இருக்க வேண்டும். "அவள் இப்படிப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்று அடித்தவர் நியாயம் சொல்ல அங்கே இடமில்லை. வன்முறை இனி நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே முதல் வேலை. சமரசப் பேச்சு என்பது அந்தப் பெண் விரும்பினால் மட்டுமே.

இந்த விதிகள் நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனைக்கானவை. ஒரு தொண்டு நிறுவனம் தானாக நடத்தும் ஆலோசனைக்கும் இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள், நல்ல இடமா இல்லையா என்பது தெரிந்துவிடும். உங்கள் சம்மதம் கேட்காமல் கணவருக்குப் போன் போட்டால் அது நல்ல இடமல்ல. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதுகாப்பு அலுவலர் என்பவரைப் பலரும் தொண்டு நிறுவன ஊழியர் என்று நினைக்கிறார்கள். இல்லை. அவர் அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு நியமிப்பவர். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள். உங்கள் முறையீட்டை எழுதிக்கொண்டால் அதன் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டியது அவர் கடமை. நடந்ததைப் படிவம் ஒன்றில் குடும்ப வன்முறை அறிக்கையாக்கி நடுவருக்கு அனுப்புவதும் அவர்தான். நடுவரிடம் மனு போனால் முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள் இருக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை இதைவிட மெதுவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் இட்ட பாதுகாப்பு ஆணையின்படி தன் கடமையைச் செய்யாத பாதுகாப்பு அலுவலருக்கே ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 33-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அந்த வழக்குக்கு அரசின் முன் அனுமதி வேண்டும்.

தொண்டு நிறுவனமும் அந்த அறிக்கையை எழுதலாம். அதற்கு அது 'சேவை வழங்குநர்' என்று அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் மூன்றாண்டுகள் அந்தச் சேவையைச் செய்திருந்தால்தான் பதிவு கிடைக்கும். சங்கப் பதிவு வேறு, இந்தப் பதிவு வேறு. வரவேற்பறையில் பிரேம் போட்டு மாட்டிய நன்கொடை வரிவிலக்குச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. "உங்களுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், அதான் டி.வி. ஆக்ட்டில், பதிவு இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் உதவவே கூடாது என்றில்லை. ஆனால் சட்டப்படியான அறிக்கைக்கு உங்களைப் பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சட்ட உதவிக்கு வரும் 'சார்' வழக்கறிஞரா, சட்டத் தன்னார்வலரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னார்வலர் வழிகாட்டலாம், மனு எழுத உதவலாம். நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஆணையம் நியமித்த வழக்கறிஞர் பீஸ் கேட்டால் அது தவறு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் சொல்லலாம்.

வீட்டை விட்டு வந்தே ஆக வேண்டிய நிலை என்றால், தங்கும் இல்லத்தின் பொறுப்பாளரைச் சந்திப்பீர்கள். 2015-இல் தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள் வரை தங்கலாம், அதற்குமேல் வேறு இல்லம். நீங்கள் கேட்டுக்கொண்டால், நீங்கள் அங்கே இருப்பதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது. "உங்க வீட்டுக்காரர் கேட்டார், இங்கதான் இருக்கீங்கன்னு சொல்லிட்டேன்" என்பது அப்பாவித்தனம் அல்ல, விதிமீறல். தனியார் இல்லம் என்றால், பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையை "நல்ல இடத்தில் வளரட்டும்" என்று யாரேனும் கேட்டால், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் சரி, கொடுக்காதீர்கள். குழந்தைகள் நலக்குழுவைத் தாண்டிக் குழந்தையைக் கைமாற்ற எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.

நீங்கள் சொல்வது வெளியே போகாது என்பார்கள், போகவும் கூடாது. ஆனால் ஓர் இடத்தில் சட்டமே அந்த வாயைத் திறக்கச் சொல்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அவர்களுக்கே தண்டனை. நேர்மையான ஆலோசகர் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார்.

போட்டோ விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று, அழுத முகத்தோடு உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுப்பார்கள். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்ததற்காக உதவியை நிறுத்தக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பிள்ளையின் முகத்தைப் போட்டுவிட்டுக் கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை இழுத்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்காட்டலாம்.

உதவ வந்த ஊழியரே தப்பாக நடந்துகொண்டால்? பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்பதில் தொண்டு நிறுவனமும் அடங்கும். புகார் கொடுப்பவர் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உதவி கேட்டுப் போன பெண்ணும் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஊழியர் இருந்தால் அந்த நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம், குறைவாக இருந்தாலோ நிறுவனத் தலைவர் மீதே புகார் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம். மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். காவல் நிலையத்துக்கும் போகலாம். புகாரை வாங்கினால் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். மற்றக் குறைகளுக்கு மாவட்டச் சமூக நல அலுவலர், மாநில மகளிர் ஆணையம், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் ஆகியவை இருக்கின்றன.

இவ்வளவு எழுதியதால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்த பெரும்பாலோர், கைக்கும் வாய்க்குமே போதாத சம்பளத்தில் ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுப்பவர்கள். திட்ட நிதி முடிந்தால் அவர்கள் வேலையும் முடிந்துபோகும். போன மாதம் பார்த்த மேடம் இந்த மாதம் இல்லை என்பது அங்கே சாதாரணம். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கதையை ஒருவரின் ஞாபகத்தில் விட்டுவைக்காதீர்கள். கோப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். கழுத்தை நெரித்தது, கத்தியைக் காட்டியது, கொன்றுவிடுவேன் என்றது, இவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அக்கம்பக்கத்தவருக்கும் ஒன்று. அடுத்த வீட்டில் அடி விழுகிறது என்று நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொன்னால் உங்கள்மீது எந்த வழக்கும் வராது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதற்குக் காப்பு.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, சட்ட உதவிக்கு 15100, உயிர் போகும் அவசரத்துக்கு 112. போனில் பதிந்துவைத்தால் வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் சமையல் கேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். போகிற அன்று, முதல் மேசையில் யார் இருந்தாலும் அழுகையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, "உங்க பேரென்ன மேடம், நீங்க இங்க என்ன பொறுப்புல இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.