ஆங்கிலப் பிழைகளும் தமிழ் இலக்கணமும்

தில்லிக்கு வந்து சேரும் தமிழருக்குக் கடைவீதியில் இந்தியும் அலுவலகத்தில் ஆங்கிலமும் வேண்டியிருக்கின்றன. 1965ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாளுக்குப் பின்னரும் மத்திய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் தொடர்வதற்கு 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. ஆகவே, ஆங்கிலத்தைப் பிழையறக் கற்பது இங்கு இன்றும் பிழைப்போடு ஒட்டிய காரியமே.

பணியிற் சேர்ந்த புதிதில் நமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். "அந்தக் கோப்பு இன்னும் வரவில்லையா?" என்று மேலதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் வினவினார். "எஸ், சார்" என்றோம். வரவில்லை என்பதே நம் கருத்து. அவரோ வந்துவிட்டதென்று கொண்டார். மாலையில் கோப்பு கிடைக்காதபோது பொய்யர் என்ற பெயர் நமக்கு வந்தது.

பிழை எங்கே? தமிழில் 'ஆம்' என்பது வினவியவர் கூற்றுக்கு உடன்படுவதாகும். ஆங்கிலத்தின் 'எஸ்', 'நோ' இரண்டும் செயல் நடந்ததா, இல்லையா என்பதையே நோக்கும். நடவாததற்கு, எவ்வாறு வினவினும், 'நோ' என்பதே விடை. நம்மைப் போலவே விடையிறுக்கும் ஜப்பானியரும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் இடறுகின்றனர்.

அடுத்து, "டிட் யூ வென்ட்?" என்னும் பிழையைக் காண்போம். "போனாயா?" என்னும்போது காலம் வினையிலேயே நிற்கிறது, வினா எழுத்து இறுதியில் சேர்கிறது. ஆங்கிலத்திலோ 'டிட்' என்னும் துணைவினை காலத்தை ஏற்றுக்கொள்கிறது. பின்வரும் வினை 'கோ' என்றே நிற்கவேண்டும். இதற்கு மருந்து தமிழிலேயே உண்டு. "போகவில்லை" என்பதிலுள்ள 'போக' இறந்தகாலம் காட்டுவதில்லை. 'போனவில்லை' என்று நாம் சொல்வதுண்டோ? "டிட் நாட் வென்ட்" என்பதும் அத்தகையதே.

பெயர்ச்சொல்லின் முன் வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்கள் பலரையும் மயக்குகின்றன. அவை தமிழில் இல்லை. இந்தியிலும் ருஷ்ய மொழியிலும் இல்லை. ஆயினும் அவற்றின் பொருள் வேறுபாடு நமக்குப் புதிதன்று. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் கேட்பவரும் அறிந்த குறிப்பிட்ட புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் இவ்வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'தி' செய்கிறது.

இப்பிழைகள் அறியாமையால் விளைவன அல்ல. ஒரு மொழியின் நெறியை இன்னொன்றில் ஏற்றுவதால் விளைவன. ஆங்கிலம் செம்மையாக வரவேண்டுமென்று கருதி, வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிடும் பெற்றோரை இம்மாநகரில் காண்கிறோம். அது வேண்டாத இழப்பு. பிள்ளை பிழையாகப் பேசும்போது நகைக்காமல், அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் செய்து, இரு மொழிகளும் எவ்விடத்தில் பிரிகின்றன என்று காட்டுங்கள். அன்றாடம் ஒரு வாக்கியம் போதும்.