பெயர் தெரியாத பல்கலைக்கழகமா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

சனிக்கிழமை காலை, தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கையில் காபியோடு நிற்கும் அப்பா அம்மாக்களின் பேச்சு, செப்டம்பர் பிறந்தால் ஒரே இடத்துக்குத்தான் போகும். "உங்க பையன் எங்கெல்லாம் அப்ளை பண்றான்?"

போன வாரம் ஒரு நண்பர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, பொண்ணு பிராண்டைஸ்னு ஒண்ணு லிஸ்ட்ல போட்டிருக்கா. ஊர்ல அப்பாகிட்ட சொன்னா, 'அது என்ன யுனிவர்சிட்டி, கேள்விப்பட்டதே இல்லையே'ங்கிறார். வருஷம் தொண்ணூறாயிரம் டாலர் சொல்றாங்க. கொடுக்கலாமா, வேணாமா?"

நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கும் தெரிந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெயர்கள் இருபதைத் தாண்டாது. ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, அதை விட்டால் நம் மாநில அரசுப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவே, பெருநகரத்தை ஒட்டிய புறநகர்களில், அளவில் சின்னதாக, கட்டணத்தில் பெரியதாக எத்தனையோ தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது, என்னென்ன கேட்பது என்று பிராண்டைஸை வைத்தே பேசிப் பார்ப்போம். நண்பருக்குச் சொன்னதுதான், கொஞ்சம் விரிவாக.

முதலில் அது எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும். 1948இல், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் பத்து மைல் தொலைவில் உள்ள வால்தம் நகரில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் யூத மாணவர்களுக்கு எழுதப்படாத உச்சவரம்பு இருந்தது. எத்தனை மதிப்பெண் எடுத்தாலும், 'இவ்வளவு பேர் போதும்' என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சமூகம் பணம் திரட்டித் தானே ஒரு பல்கலைக்கழகம் கட்டியது. ஆனால் எல்லா மதத்தவருக்கும், எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்து வைத்தது. உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸின் பெயரை வைத்தார்கள். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 107 பேர்.

வளாகத்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், யூதர் என மூவருக்கும் மூன்று வழிபாட்டு இல்லங்கள் இருக்கின்றன. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி கட்டியதாகச் சொல்வார்கள். 'யூதப் பல்கலைக்கழகமாமே, நம்ம பிள்ளை அங்க எப்படி?' என்று தயங்குகிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும். யூதப் பண்டிகை நாள்களில் வகுப்பு இருக்காது, அவ்வளவுதான். உணவுக்கூடத்தில் கோஷர் பகுதி தனியாக உண்டு. கோஷர் முறையில் பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் கலக்காது. சைவம் சாப்பிடும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்து, அளவு. இளநிலை மாணவர்கள் சுமார் 3,500 பேர். சென்னையில் சில கலைக் கல்லூரிகளில்கூட இதைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள். ஆனால் இது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். கார்னகி வகைப்பாட்டில் ஆர்1 என்ற மேல்தட்டில் இருக்கிறது. சின்ன இடம், பெரிய ஆராய்ச்சி என்ற இந்தச் சேர்க்கைதான் இதன் உண்மையான பலம். உடலின் உள் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காக 2017இல் மருத்துவ நோபல் பெற்ற மூவரில் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் ஆகிய இருவரும் அந்த ஆராய்ச்சியைச் செய்தது இங்கேதான். கொரோனா தடுப்பூசிக்கு வழிவகுத்த எம்ஆர்என்ஏ ஆய்வுக்காக 2023இல் நோபல் பெற்ற ட்ரூ வைஸ்மன் இங்கே இளநிலை படித்தவர். 2003இல் வேதியியல் நோபல் பெற்ற ராடரிக் மெக்கின்னனும் அப்படியே. இளநிலை மாணவராக இருந்தபோதே இங்கே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்தவர் அவர்.

இதை நோபல் கணக்குக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாற்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவி ஆய்வகத்துக்குள் நுழைய எத்தனை பேரோடு முட்டி மோத வேண்டும், மூவாயிரம் பேர் உள்ள இடத்தில் எத்தனை பேரோடு என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை தானாகப் போய்ப் பேராசிரியரின் கதவைத் தட்டும் ரகமா? அப்படியானால் சின்ன இடம் அவளுக்குப் பொன் மாதிரி. யாராவது கூப்பிட்டால்தான் போவாள் என்றால், அங்கேயும் நாலு வருஷம் சும்மாவே கழிந்துவிடும்.

பாடப்பிரிவையும் பாருங்கள். உயிரியல், நரம்பியல், பொருளியல், கணினி அறிவியல், சமூகக் கொள்கை இவற்றுக்கெல்லாம் நல்ல பெயர். ஆனால் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் என்று நாம் எதிர்பார்க்கும் நீண்ட எஞ்சினியரிங் பட்டியல் இங்கே கிடையாது. 'முதல்ல சேர்ந்துடுவோம், அப்புறம் மாத்திக்கலாம்' என்று போனால் மாற்றிக்கொள்ள இடமே இருக்காது. பிள்ளைக்கு மனம் மாறினால் அதே வளாகத்தில் வேறு என்ன படிக்கலாம் என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

புறநகர் என்பதற்கு என்ன பொருள் என்று நாம் யோசிப்பதே இல்லை. பாஸ்டன் என்று சொல்லித்தான் ஊரில் பெருமைப்படுவோம். ஆனால் பிள்ளை வாழப்போவது வால்தமில். வளாகத்தின் அடிவாரத்திலேயே பிராண்டைஸ்-ராபர்ட்ஸ் ரயில் நிலையம் இருக்கிறது. ஃபிட்ச்பர்க் தடத்தில் ஏறினால் போர்ட்டர் நிலையத்தில் இறங்கி மெட்ரோ பிடிக்கலாம், நார்த் ஸ்டேஷன் வரையும் போகலாம். ஆனால் அது பயணிகள் ரயில். பத்து நிமிஷத்துக்கு ஒன்று வராது. வார இறுதியில் இன்னும் குறைவு. நகரத்துக்குள் பகுதி நேரப் பயிற்சிக்குப் போய் வரும் பிள்ளைக்கு இந்தக் கால அட்டவணைதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். வளாகமோ மலைச்சரிவில். ஏப்ரலில் சுற்றிப் பார்க்கும்போது அழகாக இருக்கும் படிக்கட்டுகள், ஜனவரிப் பனியில் வேறு முகம் காட்டும். முடிந்தால் குளிர்காலத்தில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. வால்தமின் மூடி தெருவில் இந்திய மளிகைக் கடையும் இருக்கிறது, இந்திய உணவகமும் இருக்கிறது. ஆஷ்லாண்டில் ஸ்ரீ லட்சுமி கோயில் இருக்கிறது. ஆனால் அங்கே போக கார் வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நியூ இங்கிலாந்து தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஊரிலிருந்து நேரே வரும் பிள்ளைக்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் நவம்பர் மாத இருட்டில் தாங்கிப் பிடிக்கும்.

இப்போது பணம். படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 90,000 டாலர். ரூபாய்க் கணக்கில் 75 லட்சத்துக்கு மேல். நாலு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைக்காதீர்கள். இது பலகையில் எழுதிய விலை. புடவைக் கடையில் எழுதிய விலைக்கு யாராவது வாங்குகிறோமா? தனியார் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலோர் அந்த விலை கொடுப்பதில்லை. ஆண்டு வருமானம் 75,000 டாலருக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணம் முழுவதும், 75,000 முதல் 2 லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பாதியும் உதவித்தொகையாகக் கிடைக்கும் என்று பிராண்டைஸே 2024இல் அறிவித்தது. 2025இல் சேருபவர்களிலிருந்து நடைமுறை.

ஆனால் கவனியுங்கள். அது படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். அறையும் சாப்பாடும் தனி. வீடு, சேமிப்பு போன்ற சொத்துக் கணக்கும் பார்ப்பார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் ஐ.டி.யில் இருந்தால் பெரும்பாலும் இந்த வரம்புக்கு மேலேதான் இருப்போம். அப்போது என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நிகர விலைக் கணிப்பான் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் கூட்டரசுச் சட்டம். அரை மணி நேர வேலை. விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அதே எண்களை உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் போடுங்கள். மாநிலத்திலேயே குடியிருப்பவர்களுக்கு அங்கே ஆகும் மொத்தச் செலவு பெரும்பாலும் இந்தப் பலகை விலையில் பாதிகூட இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் உண்மையில் எடுக்கும் முடிவு.

இன்னொரு பொறி: 'எர்லி டிசிஷன்'. அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற கல்லூரிகள் என்ன உதவித்தொகை தருகின்றன என்று ஒப்பிட்டுப் பேரம் பேசும் வாய்ப்பு போய்விடும். பணம் ஒரு பொருட்டல்ல என்பவர்களுக்கு அது வசதி. நமக்கு அது யோசித்துப் போட வேண்டிய கையெழுத்து.

கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால் புதிய விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் பெற்றோர் வாங்கும் கூட்டரசுக் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் கடன்தான். அதன் வட்டியும் நிபந்தனைகளும் வேறு.

ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் வருபவர்களுக்குக் கணக்கே வேறு. கூட்டரசு உதவி கிடையாது. மேலே சொன்ன வருமான வரம்பு அறிவிப்பு வெளிநாட்டு மாணவருக்குப் பொருந்தும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மாணவருக்குப் பண நிலைமையைப் பார்த்து இடம் தருவார்களா, பார்க்காமல் தருவார்களா? நாலு வருஷமும் உதவித்தொகை அதே அளவில் தொடருமா? கட்டணம் கூடினால் அதுவும் கூடுமா? படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. படித்து முடித்தபின் ஓபிடி ஒரு வருஷம். அறிவியல், தொழில்நுட்பப் பாடமென்றால் இன்னும் 24 மாதம். எனவே எந்தப் பாடத்தில் பட்டம் வாங்குகிறோம் என்பது வேலை அனுமதியையும் தீர்மானிக்கிறது. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் காலம் இது. அமெரிக்க வேலையை மட்டும் நம்பி ஊரில் வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கல்லூரிச் சுற்றுலாவில் யாரும் சொல்லாதது. அந்தப் பல்கலைக்கழகம் பண விஷயத்தில் திடமாக இருக்கிறதா?

2018 ஏப்ரலில், வால்தமுக்குப் பக்கத்து ஊரான நியூட்டனில் மவுண்ட் ஐடா என்ற தனியார் கல்லூரி, மூடப்போவதாகத் திடீரென்று அறிவித்தது. மே மாதம் மூடியும் விட்டது. வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் முடிந்திருந்த நேரம். படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகள் தவித்துப் போனார்கள். வளாகத்தை மாசசூசெட்ஸ் அரசுப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே புரூக்லைனில் நியூபரி கல்லூரி மூடியது. கல்லூரிகளின் நிதி நிலையை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்று மாநிலம் 2019இல் சட்டம் போட்டது இதனால்தான்.

பிராண்டைஸ் அந்த நிலையில் இல்லை. ஆனால் அதற்கும் நெருக்கடி வந்தது. சேர்க்கை எதிர்பார்த்த அளவு இல்லாமல் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. 2024இல் ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஆசிரியர்கள் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவர் பதவி விலகினார். அங்கேயே படித்த ஆர்தர் லெவின் பொறுப்புக்கு வந்து, பல்கலைக்கழகத்தைத் திருத்தி அமைக்கும் வேலையைத் தொடங்கினார். இதைப் படித்துவிட்டுப் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டாம். ஆனால் நேரில் போகும்போது, 'எந்தெந்தத் துறைகளைக் குறைக்கிறீர்கள்? என் மகள் படிக்கும் பிரிவில் ஓய்வு பெறும் பேராசிரியர்களின் இடத்தை நிரப்புகிறீர்களா?' என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இத்தனை டாலர் கொடுக்கப்போவது நீங்கள்தானே?

எந்தத் தனியார் பல்கலைக்கழகமாக இருந்தாலும் இதைச் செய்யலாம். லாப நோக்கமில்லாத பல்கலைக்கழகங்கள் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. கல்வித்துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில் எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று இருக்கும். நாலைந்து வருஷமாக மாணவர் எண்ணிக்கை தொடர்ந்து இறங்குகிறதா என்றும் பாருங்கள். தரவரிசைப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைவிட இவை பல மடங்கு பயனுள்ளவை.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது பள்ளி மணி அடித்துவிட்டது. "அப்ப கொடுக்கலாமா, வேணாமாண்ணே?" என்று திரும்பவும் கேட்டார். "பொண்ணுக்கு என்ன பிடிச்சிருக்காம் அதுல?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அதைக் கேக்கவே இல்லையே" என்றார்.

அவள் புத்தகப் பையோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.