புற்றுக்காளானும் வெள்ளிக்காசும்

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டி ஓய்ந்தால், ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் கால் வைக்க இயலாது. ஆயினும் இரண்டொரு நாளில், விடியுமுன்னே பெண்களும் பிள்ளைகளும் ஓலைப்பெட்டியுடன் காளான் தேடப் புறப்பட்டுவிடுவர். அவர்கள் செல்வது கரிசலுக்கு அன்று. ஓடைக்கரைக்கும், கண்மாய்க்கரைக்கும், உடைமரம் நிற்கும் செவல் மேட்டுக்குமே. கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் ஓயாது அசையும் கரிசலில் கறையான் நிலையாகப் புற்றுக் கட்டுவது அரிது. கறையான் இல்லாத இடத்தில் புற்றுக்காளானும் இல்லை.

இக்காளானைப் பயிரிடுவதே கறையான்தான் என்றால் வாசகருள் சிலர் வியக்கக்கூடும். காய்ந்த சருகையும் கட்டையையும் தின்னும் கறையான், தன் கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேன்கூட்டைப் போன்ற அடைகளை அமைக்கிறது. அவ்வடையின்மீது வெண்மையான பூஞ்சை படர்ந்து, மரத்தின் கடினமான பகுதியைச் சிதைத்து மென்மையாக்குகிறது. பின்னர் பூஞ்சையோடு சேர்த்து அவ்வடையையே கறையான் உண்கிறது. ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளாக நடந்துவரும் வேளாண்மை இது என்பர் அறிவியலார். மனிதன் ஏர் பிடித்ததோ நேற்று! பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம் 1942-ல் இக்காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் சூட்டினார். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில், குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் வகையும் உண்டு.

மழை நீர் மண்ணுக்குள் இறங்கியதும், அடையிலிருந்து வேர் போன்ற நீண்ட தண்டு மேல்நோக்கி எழுகிறது. குடையின் உச்சியிலுள்ள கூரிய முனை மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஈசல் பறப்பதும் இம்மழைக்காலத்திலேதான்.

"இடி இடிச்சாத்தான் சாமி, காளான் கண் முழிக்கும்" என்று நம்மிடம் ஒரு பாட்டி உறுதியாகச் சொன்னார். இமயமலைச் சாரலில், காசுமீரத்திலும் இமாசலத்திலும், பனி உருகும் வசந்தத்தில் குச்சி என்னும் விலையுயர்ந்த காளானைத் தேடிக் காடேறும் மலைவாழ் மக்களும் இடியையே காரணம் கூறுகின்றனர். மழையின் முரசை மழை என்றே கொண்டாலும் பெரும்பிழை இல்லை.

பாட்டியின் இன்னொரு சொல்லே நம் சிந்தையில் தைத்தது. அவர் காளானை மேலே கிள்ளி எடுப்பதில்லை. விரலால் மண்ணை அகழ்ந்து, தண்டு எங்கே போகிறது என்று பார்க்கிறார். "வேரு புத்துக்குள்ள போகணும் சாமி. போகலைன்னா அது நம்ம காளான் இல்லை." புற்றைக் கிளறவும் அவர் எவரையும் விடுவதில்லை. அடை சிதைந்தால் மறு ஆண்டு அவ்விடத்தில் காளானை எதிர்பார்க்க முடியாதல்லவா?

இவ்வறிவு அவருடைய ஊர்ப் புற்றுகளோடு ஐம்பது ஆண்டு பழகி வந்தது. பிழைப்புக்காக வேற்றூர் சென்ற பிள்ளைகளுக்கு இப்பழக்கம் இல்லை. அவர்களிடம் மிஞ்சியிருப்பவை சில சோதனைகளே. குழம்பில் வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு. அரிசியோ பூண்டோ நிறம் மாறினால் நஞ்சு. பூச்சி கடித்திருந்தால் நல்லது. நன்றாக வேகவைத்தால் எந்த நஞ்சும் போய்விடும். இவற்றுள் ஒன்றேனும் உண்மையன்று. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். காளானின் கொடிய நஞ்சு வெள்ளியைத் தீண்டுவதே இல்லை. நத்தையும் புழுவும் தின்று நலமாயிருக்கும் காளான் மனிதனைக் கொல்லக்கூடும். அமாடாக்சின் என்னும் நஞ்சு கொதிக்கும் நீரிலும் அழிவதில்லை.

அந்நஞ்சின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே, சிலருக்கு மறுநாள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதன்பின் தேறிவிட்டது போலத் தோன்றும், வீட்டார் நிம்மதியடைவர், அதற்குள் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் உண்டு பதின்மூவர் மாண்டனர். இறந்தவருள் தேயிலைத் தோட்டத்து ஏழைக் குடும்பத்தாரும் குழந்தைகளும் இருந்தனர்.

நம் பக்கத்துப் புல்வெளிகளில் மழைக்குப் பின் எழும் பெரிய வெள்ளைக் குடையொன்றும் ஏமாற்ற வல்லது. இளமையில் அதன் அடிமடிப்புகள் வெண்மையாயிருந்து, முதிர்ந்தபின் பச்சை நிறம் கொள்ளும். தின்றால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தி எடுக்கும். தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை தென்பட்டாலோ, தண்டில் வளையம் இருந்தாலோ, அக்காளானைத் தொடாது விடுவதே மேல். இவை இல்லாமையே நல்ல காளானுக்குச் சான்று என்றும் கொள்ளலாகாது. அறிந்தவர் ஒருவர் கையால் தோண்டிக் காட்டாததைச் சமைக்க வேண்டாம். உண்டபின் உடல் நலம் குன்றினால், மஞ்சளும் மோரும் கொடுத்துக் காத்திராமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு விரைக. எஞ்சிய காளானையும், வேகாத துண்டு கிடைத்தால் அதையும், மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்க. சற்றுத் தேறியதாகத் தோன்றினாலும் பாதியில் வீடு திரும்பலாகாது.

காளான் சுவையை விட மனமில்லாதவருக்கு வேறு வழியும் உண்டு. நம் கரிசல் பூமியின் அண்டை ஊரான அருப்புக்கோட்டையின் பெயரால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே.-2 என்னும் பால் காளான் இரகத்தை வெளியிட்டது. மலைக்குளிர் வேண்டும் மொட்டுக் காளானைப் போலன்றி, அது முப்பது, முப்பத்தைந்து பாகை வெப்பத்திலேயே செழிக்கும். வைக்கோலும் சிறு கொட்டகையும் ஈரமும் இருந்தால் வீட்டுப் பெண்களே வளர்க்கலாம். பங்கில் மகளிர் குழு நடத்துவோர் இதைக் கருதிப் பார்க்கலாமே. மணத்திலும் சுவையிலும் அது புற்றுக்காளானுக்கு ஈடாகாது என்று பாட்டி சொல்வார். அதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் புற்றுக்காளானைக் கொட்டகையில் விளைவிக்கும் வித்தையைக் கறையான் இன்னும் நமக்குக் கற்றுத்தரவில்லை.