வாவியை அறிந்து தூண்டில் வாங்குவோம்

மடுல்சீமையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு மீன்பிடிச் சாமான் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. நாங்கள் இருப்பது மலையில்தான். ஆனால் போயா விடுமுறை வந்தால் தோட்டத்து இளைஞர்கள் பஸ் ஏறி மஹியங்கனைக்கும் சொரபொர வாவிப் பக்கத்துக்கும் போய்விடுவார்கள். "நானா, நல்ல தங்கூசி இருக்கா?" என்று முதலில் வருவது நம் கடைக்குத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விற்பனைப் பிரதிநிதியின் பேச்சைக் கேட்டு, படகில் இழுத்துச் செல்லும் தூண்டில் சாமான்களை ஒரு பெட்டி நிறைய எடுத்தேன். ஈயம் உள்ளோடிய நூல், ஆழத்துக்கு மூழ்கும் பிளாஸ்டிக் மீன்கள், நூலைக் கீழே இழுக்கும் தகடுகள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வருடம் அவை கண்ணாடி அலுமாரியிலேயே கிடந்தன. முதல் முடங்கிய பிறகுதான் விஷயத்தை விசாரித்தேன்.

அந்தச் சாமான்கள் மோசமானவை அல்ல. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் கோடை காலத்தில் சமன், டிரவுட் போன்ற மீன்கள் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். அவற்றை எட்டவே இந்தக் கருவிகள் உண்டாயின. நம் குளங்கள் ஆழம் குறைந்தவை. அங்கே அந்தப் பிளாஸ்டிக் மீன் அடிச் சேற்றிலும் மரக்கட்டையிலும்தான் மாட்டும்.

மீனும் வேறு. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நாம் ஜப்பான் மீன் என்பது, பெரும்பாலும் பாசியையும் மக்கிய பொருட்களையும் தின்பது. ஓடும் இரையைத் துரத்துவது அதன் வழக்கமல்ல. அதற்கு மெல்லிய தங்கூசி, சிறிய முள், மிதப்பு, மண்புழு அல்லது பாண் உருண்டை போதும். விரால் துரத்திக் கடிக்கும். ஆனால் புல்லுக்குள் ஒதுங்கும். அதற்குத் தடித்த நூலும் மேலே மிதக்கும் இரையும் வேண்டும்.

ஆழமான நீர்த்தேக்கத்தில் படகில் போகும் வாடிக்கையாளர் வந்தால் இதைச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மீனின் முன்னால் நாக்குப் போன்ற தகடு பெரிதானால் அது ஆழமாக மூழ்கும். நூல் மெல்லியதானால் தண்ணீரின் தடை குறையும்; அதனாலும் ஆழம் கூடும். பின்னல் நூல் அதே பலத்துக்குத் தங்கூசியைவிட மெல்லியது, இழுபடாது. தங்கூசி இழுபடும், மீன் திடீரென்று இழுக்கும்போது அதுவே அறுந்து போகாமல் காக்கும்.

இன்னொரு விஷயம். தூண்டில் போடும் தங்கூசியை விற்கலாம். ஆனால் தங்கூசி வலை நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. லாபம் கூட என்று யார் கொண்டுவந்தாலும் கடைக்குள் ஏற்றாதீர்கள். சரக்கும் போகும், பெயரும் போகும்.

நூலை வெயில் படும்படி கடை வாசலில் தொங்கவிடுவதும் தவறு. வெயிலில் தங்கூசி பலமிழக்கும். அறுந்த நூலோடு திரும்பி வரும் வாடிக்கையாளர் மறுமுறை வேறு கடைக்குத்தான் போவார்.

எந்த வாவி, எந்த மீன், கரையிலிருந்தா படகிலிருந்தா? நான் இப்போது இந்த மூன்றையும் வாங்க வருபவரிடம் கேட்கிறேன். சரக்கு எடுக்கும்போது என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். அதன் பின் அலுமாரியில் பழைய சரக்கு தேங்கவில்லை.