மண்ணில் உள்ளதும் உடலைச் சேர்வதும்

சித்த மருத்துவ நூல்கள் கூறும் அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆகிய மூன்றும் ஆர்செனிக் என்னும் ஒரே தனிமத்தின் சேர்மங்களே. ஆயினும் கந்தகத்தோடு பிணைந்த முதலிரண்டும் நீரில் அரிதாகவே கரைய, ஆக்சிஜனோடு சேர்ந்த மூன்றாவது உடலுக்குள் விரைந்து ஊடுருவிக் கொல்லும் நஞ்சாகிறது. ஆகவே, மண்ணை வலிய அமிலத்தில் கரைத்துக் காணும் ஆர்செனிக்கின் மொத்த அளவு, அம்மண்ணின் தீங்கை முழுமையாகச் சொல்லிவிடாது. அதில் எவ்வளவு வேருக்கோ குடலுக்கோ எட்டும் என்பதே உயிர்க்கிடைப்பு எனப்படுகிறது.

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழமற்ற குழாய்க் கிணறுகளின் நீர் கோடை நெல்லுக்குப் பாய்ந்து, பல வயல்களில் ஆர்செனிக்கைச் சேர்த்து வந்துள்ளது. உலர்ந்த மண்ணில் அது ஆர்சனேட் வடிவில், துருவை ஒத்த இரும்பு ஆக்சைடுகளின் மேல் இறுக ஒட்டிக் கிடக்கும். நீர் தேங்கிக் காற்று புகாமற் போனாலோ, நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்கு ஈடாக அந்த இரும்பையே சுவாசத்துக்குப் பயன்படுத்துவதால் துரு கரைந்து, ஆர்செனிக் ஆர்சனைட்டாக மாறி மண்நீரில் கலக்க, நெல்வேர் சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் அதனையும் உள்ளிழுத்துக்கொள்கிறது.

அளப்பவருக்கு நேரும் பெரும் இடர் இங்கேதான் உள்ளது. அச்சேற்றை எடுத்து உலர்த்திச் சலித்தால், காற்றுப்பட்ட இரும்பு மீண்டும் துருவாகி ஆர்செனிக்கைப் பற்றிக்கொள்ளும். ஆய்வறிக்கை பேசும் மண், நெல் நின்ற மண்ணாக இராது. இதனால், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிசனும் ஷாங்கும் 1994இல் அறிவித்த முறை தனிச் சிறப்புடையது. இரும்பு ஆக்சைடு பொதிந்த கூழ்த்தகட்டின் மேல் வெறும் கூழ்ப்படலம் ஒன்றை வைத்து, அதனை ஈரச் சேற்றிலேயே செருகிவிட்டால், படலத்தைக் கடந்து வரும் ஆர்செனிக் தகட்டில் சேர்கிறது. வேர் உறிஞ்ச உறிஞ்ச மண் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதை இது ஓரளவு காட்டுகிறது. படிப்படியாக வலிமை கூடும் கரைப்பான்களால் மண்ணைக் கழுவிப் பிரிக்கும் முறையும் பரவலாக உள்ளது; ஆனால் அதில் கிடைக்கும் பகுதிகளை வரையறுப்பவை கரைப்பான்களேயன்றி உயிர்கள் அல்ல என்பதை மறத்தலாகாது.

மண் ஒட்டிய விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு அளவை வேறு. நுண்ணிய மண்ணை, இரைப்பைச் சாற்றைப் போல் pH மதிப்பு 1.5 ஆக்கிய கிளைசின் கரைசலில், உடல் வெப்பமான 37 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம் சுழற்றி, கரைந்ததை அளப்பர். அம்முடிவைப் பன்றிக்குட்டிகளுக்கும் எலிகளுக்கும் மண்ணை ஊட்டிக் கண்ட முடிவுகளோடு ஒப்பிட்டே ஏற்றனர். ஓரிடத்து மண்ணை அளந்து பாராதபோது, நீரில் கரைந்த ஆர்செனிக்கோடு ஒப்பிட 60 விழுக்காடு உடலில் சேர்வதாகக் கொள்ளுமாறு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் பரிந்துரைத்தது. ஆர்செனிக், ஆர்சனோபைரைட் போன்ற கனிமங்களில் சிறைப்பட்டுள்ள சுரங்கக் கழிவில் இவ்விழுக்காடு மிகவும் குறைவாகவே இருக்கக்கூடும்.