பொதுப்பொருளும் பூட்டும்

முன்னுரை

திருவல்லிக்கேணி மேன்சன்களில் தங்கிப் பணிபுரியும் தென்மாவட்ட இளைஞர்களுக்குப் பெருநாளும் பொங்கலும் தீபாவளியும் நெருங்குகையில் எழும் முதற்கவலை, ஊர் செல்லும் இரயிலில் ஒரு படுக்கை கிடைக்குமா என்பதே. காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கியவுடன் எண்ணற்றோர் ஒரே வண்டியை நாடுகின்றனர். எஞ்சியிருப்பது ஒரு படுக்கை; ஒரே நொடியில் அதனைக் கேட்போர் இருவர். இருவருக்கும் அதே எண் வழங்கப்படாமல் காப்பது எது?

இந்திய இரயில்வேயில் கணிப்பொறி வழி முன்பதிவு 1985-இல் தில்லியில் தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒரே வலையமைப்பாக இணைந்தன. 2002-இல் இணையவழிப் பதிவும் வந்தது. வாயில்கள் பெருகப் பெருக, ஒரே பொருளின்மீது ஒரே நேரத்தில் நீளும் கைகளும் பெருகின. அத்தகைய பொதுப்பொருளைக் காக்கும் முறையைப் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வழி நின்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிழை பிறக்கும் இடம்

ஒரு நிரலினுள் ஒரே காலத்தில் இயங்கும் செயலோட்டம் ஒவ்வொன்றையும் 'திரெட்' என்பர். தமிழில் இழை எனலாம். விளக்கத்தின் பொருட்டு, 'படுக்கை இருப்பு' என்றொரு வகுப்பை எண்ணிக்கொள்வோம். அதனுள் 'மீதம்' என்னும் மாறி உள்ளது. படுக்கை வழங்கும் செயற்கூறு மூன்று படிகளைக் கொண்டது: மீதத்தைப் படித்தல், அது சுழியத்தினும் மிகுதியா எனச் சோதித்தல், ஒன்றைக் கழித்து எழுதுதல்.

மீதம் 1 என்க. முதல் இழை அதனைப் படித்து, 'உண்டு' எனத் தெளிகிறது. அது கழித்து எழுதுவதற்குள் இரண்டாம் இழையும் படிக்கிறது. அதற்கும் 1 என்றே தெரிகிறது. இருவருக்கும் சீட்டு வழங்கப்படுகிறது. எந்த வரியிலும் தவறில்லை. இரு இழைகளின் வரிகள் ஒன்றனூடு ஒன்று புகுந்ததே தவறு. இது ஆயிரம் முறை சோதித்தும் தோன்றாமல், கூட்டம் மிகுந்த ஒரு நாளில் தோன்றக்கூடியது. ஆதலின் சோதனையை மட்டும் நம்புதல் போதாது.

இத்தகைய பிழை உயிரையும் பறித்துள்ளது. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளிகள் அறுவருக்கு அளவு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் மாண்டனர். ஒருசேர இயங்கிய நிரற்பகுதிகளின் முறைகெட்ட முந்துதல் அதன் காரணங்களுள் ஒன்று. முந்தைய கருவிகளில் இருந்த இயந்திரத் தடைகளை நீக்கி, நிரலை மட்டும் நம்பியமை மற்றொன்று.

இரயில்பாதை கற்பிக்கும் பாடம்

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வாராதிருக்க இந்திய இரயில்வே நெடுங்காலம் பந்து டோக்கன் முறையைக் கையாண்டது. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே எடுக்கப்பட்டால், அது இரண்டிலொரு கருவிக்குத் திரும்பும்வரை மற்றொரு பந்தை எடுக்க இயலாது. ஈண்டு கருதத்தக்கது ஒன்றுண்டு: காவல் வண்டியோட்டியின் நல்லெண்ணத்தில் இல்லை; பாதையோடு பிணைந்துள்ளது.

பூட்டும் அவ்வாறே தான் காக்கும் தரவோடு ஒரே வகுப்பினுள் இருத்தல் வேண்டும். பிரிஞ்ச் ஹான்சன், ஹோர் ஆகிய அறிஞர்கள் 1970-களில் வகுத்த 'மானிட்டர்' என்னும் அமைப்பின் உட்கருத்து இதுவே. 1995-இல் வெளிவந்த ஜாவா மொழி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டை வழங்கிற்று. எனினும் அதனைப் பயன்படுத்துவதை நிரலர் விருப்பத்திற்கு விட்டது. அதனைப் பிரிஞ்ச் ஹான்சன் 1999-இல் வன்மையாகக் கண்டித்தார். பூட்டு இருப்பது வேறு. பூட்டாமல் உள்ளே நுழைய முடியாதிருப்பது வேறு.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

முதலாவது, மாறியும் பூட்டும் வகுப்பின் அகத்தே மறைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுதும் செயற்கூறு மட்டுமன்றிப் படிக்கும் செயற்கூறும் அதே பூட்டைப் பெற வேண்டும்.

மூன்றாவது, சோதித்தலும் கழித்தலும் ஒரே பூட்டுக்குள் நிகழ வேண்டும். 'உண்டா?' எனக் கேட்பதற்கு ஒன்று, 'கொடு' எனப் பெறுவதற்கு ஒன்று என இரு செயற்கூறுகள் அமைத்துத் தனித்தனியே பூட்டினாலும், இடையிலுள்ள இடைவெளியில் பிறிதோர் இழை புகுந்துவிடும். 'இருந்தால் கொடு' என்னும் ஒரே செயற்கூறே தக்கது.

நான்காவது, இடையில் பிழை நேரினும் பூட்டு திறக்கப்படுதல் உறுதியாக வேண்டும். இன்றேல் பின்வருவோர் என்றும் காத்திருப்பர்.

ஐந்தாவது, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியின் மறுமொழிக்குக் காத்திருத்தல் ஆகாது. படுக்கையைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்துப் பூட்டைத் திறந்து, பணம் வந்தபின் மீண்டும் பூட்டி உறுதி செய்க.

ஆறாவது, இரு பூட்டுகள் தேவையாயின் யாவரும் ஒரே வரிசையில் பெற வேண்டும். போகும் வண்டியின் பூட்டை ஒருவரும் வரும் வண்டியின் பூட்டை மற்றொருவரும் பற்றிக்கொண்டு எஞ்சியதற்குக் காத்திருந்தால் இருவரும் நகரார். இதுவே முட்டுநிலை.

இவ்வகைப் பூட்டு ஒரு நிரலின் இழைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். பல கணிப்பொறிகள் பங்குகொள்ளும் இடத்தில் அக்காவலைத் தரவுத்தளம் ஏற்க வேண்டும். ஆயினும் நெறி ஒன்றே: காவல் பொருளிருக்கும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

நம்பி ஒப்படைக்கப்பட்டதை அமானிதம் என்கிறோம். பலருக்கும் பொதுவான அந்த ஒரு படுக்கையும் வகுப்பை எழுதுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. விடியலில் எழுந்து காத்திருந்து சீட்டுப் பெற்றவர், இரவில் வண்டியேறும்போது தம் படுக்கையில் வேறொருவர் அதே எண்ணுடன் அமர்ந்திருக்கக் காணலாகாது. இதனை உறுதி செய்யும் பொறுப்பு, நிரலாக்கம் பயிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் உரியது.