ஹவாய் ஆடு தந்த மருந்து

சூபாபுல் தழையில் புரதம் மிகுதி. வறட்சியைத் தாங்கும்; வெட்ட வெட்டத் துளிர்க்கும். மெக்சிகோப் பக்கத்து மரமான இது நம்மூரில் சவுண்டல் என்ற பெயரில் வேரூன்றியதும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களுக்குப் போனதும் அதனால்தான். ஆனால் அங்கே இதையே தொடர்ந்து மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது, எடை ஏறவில்லை.

தழையில் மிமோசின் என்ற நச்சு உண்டு. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை டிஹெச்பி என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுவும் நச்சுதான், தைராய்டைக் கெடுப்பது அதுவே. அதற்குமேல் சிதைக்க அந்த மாடுகளின் வயிற்றில் ஆளில்லை.

ஹவாய்த் தீவு ஆடுகளோ இதே தழையைத் தின்று நலமாக இருந்தன. வேறுபாடு ஆட்டில் இல்லை, அதன் வயிற்று நுண்ணுயிரிகளில்தான் என்று கணித்தார் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ். காற்றுப் பட்டால் இவை மடிந்துவிடும். எனவே காற்றுப் புகாமல் ஆட்டின் பெருவயிற்று நீரிலிருந்து வளர்த்து, 1980களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து மாடுகளுக்குப் புகட்டினார்கள். நச்சு சிதைந்தது. மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தாலே மற்றவற்றுக்கும் பரவியது. பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் 1992இல் அதற்குச் சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சீ என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

வயிற்றில் ஏற்கெனவே கோடானுகோடி உயிர்கள் இடம்பிடித்திருக்க, வெளியிலிருந்து வரும் ஒன்று நிலைப்பது அரிது. இது எப்படி நிலைத்தது? இந்தப் பாக்டீரியா சர்க்கரைக்குப் போட்டியிடுவதில்லை. மற்றவை தொடாத டிஹெச்பியையும் சில அமினோ அமிலங்களையும் கொண்டு வாழ்கிறது. சூபாபுல் கிடைக்காத மாதங்கள் நீண்டால் எண்ணிக்கையில் குறைந்தும் போகிறது. நுண்ணுயிரியைப் புகட்டினால் போதாது, அதற்குரிய தீனியும் வேண்டும். கால்நடைகளுக்கு எந்த நுண்ணுயிர் மருந்தை விற்க வந்தாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: அது உள்ளே எதைத் தின்று வாழும்?

கதை இத்தோடு முடியவில்லை. இதே இனப் பாக்டீரியா பல நாட்டுக் கால்நடைகளில் இயல்பாகவே இருப்பது பின்னர் தெரிந்தது. இந்தோனேசிய மாடுகளை ஆராய்ந்தபோது, கல்லீரலும் டிஹெச்பியை வேறு வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுவது தெரியவந்தது. வயிறும் கல்லீரலும் எவ்வளவு வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற ஆய்வு தொடர்கிறது.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் சூபாபுலைத் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், புல்லோடோ வைக்கோலோடோ கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.